பசை பிடிக்காத பிளாஸ்டிக்கும் ஐந்து மைக்ரோலிட்டர் தண்ணீரும்

ஸ்கூட்டரின் பக்கப் பேனலில் ஸ்க்ரூ போகிற காது உடைந்திருந்தது. ஏற்கெனவே யாரோ எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து போடும் பசை) போட்டு ஒட்டிய இடம்தான் மறுபடியும் விட்டிருக்கிறது. மிச்சமிருந்த பழைய பசையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பியதும், முழுப் பசையும் ஒரே வில்லையாகக் கழன்று வந்துவிட்டது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எமரி பேப்பர் போட்ட கீறல்கள் ஒன்று விடாமல் அதன் அடிப்பக்கத்தில் பதிந்திருந்தன. பிளாஸ்டிக் பக்கத்தில் பசையின் சுவடே இல்லை.

அந்த வில்லை நிறையச் சொல்கிறது. பசை கல்லாக இறுகியிருக்கிறது, எனவே கலவை விகிதத்தில் குறை இல்லை. கீறலுக்குள் இறங்கியும் இருக்கிறது. ஆனாலும் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. பேனலின் உள்பக்கத்தில் ‘பிபி’ என்று அச்சு இருந்தது. பாலிப்ரொப்பிலீன். அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு பொருளின் உள்ளே இருக்கும் மூலக்கூறை நாலாபக்கமும் இருக்கிற அண்டை மூலக்கூறுகள் இழுத்துப் பிடிக்கின்றன. பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு வெளிப்பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் குறைதான் பரப்பு ஆற்றல். திரவத்தில் இதையே பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்போம். உலோகங்களுக்குள் பிணைப்பு பலமானது, அதனால் சுத்தமான உலோகப் பரப்பின் ஆற்றல் செ.மீ.க்குப் பல நூறு டைன் (டைன் என்பது விசையின் ஒரு சிறிய அலகு). தண்ணீருக்கு 20 டிகிரியில் 72.8. இறுகாத எபாக்ஸிக்கு நாற்பதுக்குச் சற்று மேல். பாலிப்ரொப்பிலீனுக்குச் சுமார் 30தான். கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சங்கிலி அது. வெளியே நீட்டுகிற கை எதுவும் அதில் இல்லை. பசை தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பரப்பைப் பிடிக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எபாக்ஸியானாலும் இதே கதைதான்.

ஆக, மாற்ற வேண்டியது பிளாஸ்டிக்கின் பரப்பை. அதற்கு வழி தீ காட்டுவது, அதைப் பின்னால் சொல்கிறேன். மாறியதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. தீயில் காட்டிய பிபியும் காட்டாத பிபியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ரிப்பேரைத் தொடுவதற்கு முன் ஓர் அளவி செய்துகொண்டேன். வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே பரப்பு அறிவியல் செய்யலாம் என்பதற்கு நல்ல முன்னோடி உண்டு. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், வீட்டில் ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு நீரின் பரப்பில் எண்ணெய்ப் படலம் என்ன செய்கிறது என்று அளந்தார். முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட ஏற்பாடு செய்தார். அந்தத் தொட்டி முறைதான் பின்னால் ஆய்வகங்களில் நிலைத்தது. அவரை நினைத்தாலே எனக்கு வேலையில் உற்சாகம் வந்துவிடும்.

பரப்பின் மேல் வைத்த தண்ணீர்த் துளியின் ஓரம் அந்தப் பரப்போடு என்ன கோணத்தில் சேர்கிறது என்று அளப்பதுதான் வழி. அந்தக் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். அளவி இதுதான். மட்டமான மேஜை மேல் ஒரு சின்ன மரக்கட்டை, அதன் மேல் சோதிக்க வேண்டிய துண்டு. ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பின்னால் ஒரு எல்இடி பல்பு, அதற்கும் துண்டுக்கும் நடுவே பட்டர் பேப்பர். முன்னால் ஸ்டாண்டில் போன், அதில் கிளிப் போடும் மேக்ரோ லென்ஸ். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் துளி கறுப்பாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். போனைப் பரப்பின் மட்டத்துக்கே இறக்கி, ஒன்றிரண்டு டிகிரி மட்டும் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அப்போது துளியின் பிம்பமும் கீழே லேசாகத் தெரியும். துளியும் பிம்பமும் சந்திக்கிற இரண்டு மூலைகளை இணைத்தால் அதுதான் அடிக்கோடு. அடிக்கோட்டை ஊகித்து வரைந்தால் கோணம் பல டிகிரி பிசகும், அதனால் இந்தச் சாய்வில் மட்டும் நிதானம் வேண்டும்.

துளி போடுவதற்கு இன்சுலின் சிரிஞ்ச். யு-100 என்று போட்ட சிரிஞ்சில் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர், அரை யூனிட் 5. நம் ஊர் மருந்துக்கடையில் யு-40 சிரிஞ்சும் கிடைக்கும், அதில் ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். கண் மருந்து பாட்டிலால் சொட்டவிட்டால் ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர் வரை வரும். அவ்வளவு பெரிய துளி தன் எடையாலேயே தட்டையாகிவிடும். தண்ணீர்த் துளியின் ஆரம் 2.7 மில்லிமீட்டருக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் புவியீர்ப்பைப் பரப்பு இழுவிசை வெல்லும். 5 மைக்ரோலிட்டர் துளி கிட்டத்தட்ட ஒரு கோளத்தை வெட்டிய துண்டாக நிற்கும். தண்ணீர், இன்வெர்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்ட் வாட்டர். ஊசி நுனியில் துளியைத் தொங்கவிட்டு, அது பரப்பைத் தொடும்படி இறக்கி, ஊசியை எடுத்துவிட வேண்டும். மேலிருந்து விழவிட்டால் துளி தெறித்து விரிந்து, கோணம் குறைவாகக் காட்டும்.

படத்தை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் திறந்து அளந்தேன். அது இல்லாவிட்டாலும் ஸ்கேல் போதும். துளியின் உயரத்தை அடிப்பகுதி அகலத்தின் பாதியால் வகுத்து, அதன் தலைகீழ் டேன்ஜென்ட்டை எடுத்து இரண்டால் பெருக்கினால் சேர்கோணம் கிடைக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்த பிபி துண்டில் துளியின் அகலம் 2.46 மி.மீ., உயரம் 1.44 மி.மீ. கணக்குப் போட்டால் 99 டிகிரி. கோடு போட்டு அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். சுத்தமான பாலிப்ரொப்பிலீனுக்கு நூறை ஒட்டி வர வேண்டும், வந்திருக்கிறது. அளவியை நம்பலாம்.

இந்தக் கோணம் எங்கிருந்து வருகிறது என்பதை தாமஸ் யங் 1805இலேயே சொல்லிவிட்டார். துளியின் விளிம்பில் மூன்று இழுவைகள் மோதுகின்றன: திடப்பொருளுக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்று, திடப்பொருளுக்கும் நீருக்கும் நடுவே ஒன்று, நீருக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்று. மூன்றும் சமன்படுகிற இடத்தில் விளிம்பு நின்றுவிடும். திடப்பரப்பின் ஆற்றல் அதிகமானால் அது விளிம்பை வெளியே இழுத்துத் துளியைப் பரப்பும், கோணம் சிறுக்கும். குறைவானால் துளி உருண்டு நிற்கும். இதில் எனக்கு மிகவும் பயன்படுவது இன்னொரு கணக்கு. நீரின் 72.8ஐ, ஒன்றோடு கோணத்தின் கொசைனைக் கூட்டி வருகிற எண்ணால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க எத்தனை மில்லிஜூல் வேலை ஆகும் என்று வரும். 99 டிகிரிக்கு அது 61. இந்த எண்ணை உயர்த்துவதுதான் வேலை.

அப்புறம் எமரி. எல்லோரும் முதலில் சொல்கிற யோசனை “நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டு” என்பதுதான். 120 நம்பர் எமரியால் தேய்த்து, துடைத்து, துளி வைத்தேன். கோணம் குறையவில்லை, 113க்கு ஏறியது. இது அளவுப் பிழை அல்ல. 1936இல் வென்சல் காட்டியபடி, சொரசொரப்பு ஒரு பரப்பின் குணத்தைப் பெருக்கிக் காட்டும். நீரை விரும்பும் பரப்பு சொரசொரப்பானால் இன்னும் விரும்பும். வெறுக்கும் பரப்பு இன்னும் வெறுக்கும். 90 டிகிரிதான் எல்லை. அதோடு ஆழமான கீறல்களில் நீர் இறங்காமல் கொஞ்சம் காற்றும் சிக்கிக்கொள்ளும், அது கோணத்தை இன்னும் தூக்கும். இதை 1944இல் காஸியும் பாக்ஸ்டரும் கணக்கில் கொண்டுவந்தார்கள்.

லென்ஸ் வழியே இந்தத் துளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எமரியை ஒரே திசையில் இழுத்திருந்ததால் துளி வட்டமாக இல்லை. கீறல் போகும் திசையில் நீண்டிருந்தது. கீறலின் நேர்கோட்டில் கேமராவை வைத்துப் பார்த்தால் துளியின் ஓரம் செங்குத்தைத் தாண்டி வெளியே தொங்குகிறது. துண்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் அதே துளி சாந்தமாகப் படுத்திருக்கிறது. ஒவ்வொரு கீறலின் மேடும் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு வரப்பு. அதைத் தாண்டப் போதிய தண்ணீர் சேரும்வரை விளிம்பு அங்கேயே நிற்கும், சேர்ந்ததும் சட்டென்று அடுத்த மேட்டுக்குத் தாவும். ஊசியைத் துளிக்குள் வைத்தபடியே தண்ணீரைச் சிறிது சிறிதாக ஏற்றினால் இந்தத் தாவலைக் கண்ணாலேயே பார்க்கலாம். நேரம் இருக்கிறவர்கள் இதை ஒரு தரமாவது செய்து பார்க்க வேண்டும்.

அதே முறையில் ஏற்றும்போது வருகிற கோணமும் உறிஞ்சும்போது வருகிற கோணமும் வேறு வேறு. தேய்க்காத பிபியிலேயே இரண்டுக்கும் இடையில் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தது. துளி உருளுமா, ஒட்டிக்கொண்டு நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்த வித்தியாசம்தான். ரோஜா இதழில் துளி அழகாக உருண்டு நிற்கும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. தாமரை இலையிலும் துளி உருண்டு நிற்கும், கொஞ்சம் சாய்த்தாலே ஓடிவிடும். தாமரை கிடைக்காததால் தோட்டத்துச் சேப்பங்கிழங்கு இலையை வைத்துப் பார்த்தேன். 5 மைக்ரோலிட்டர் துளி ஊசியை விட்டு இலைக்கு இறங்க மறுத்தது. அளவைக் கூட்டிய பிறகுதான் விழுந்தது, விழுந்த வேகத்தில் ஓடியும் போய்விட்டது. கட்டைவிரலால் இலையை அழுத்தித் தேய்த்த இடத்தில் மட்டும் துளி அப்பிக்கொண்டு நின்றது. இலையின் மெழுகு மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. வழவழப்பான மெழுகில் கோணம் 110ஐத் தாண்டாது. நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துருத்தல்களும் சேர்ந்துதான் 150க்கு மேல் கொண்டுபோகின்றன. அந்த மேடுகளில் அழுக்கும் சரியாக ஒட்டாததால் ஓடுகிற துளி அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் விரிவாக எழுதினார்கள். ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இவ்வளவு நுட்பமான கட்டுமானம் இருக்கிறது.

சரி, பேனலுக்கு வருவோம். தேய்ப்பதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பழைய அழுக்கு, வெயிலில் நொறுங்கிய மேல்தோல் இவையெல்லாம் எமரியால் போகும். பசை பிடிக்கும் பரப்பளவும் கூடும். ஆனால் பரப்பின் இயல்பை மாற்ற வேறொன்று வேண்டும். தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக் தாளை மின்பொறி வழியே செலுத்துகிறார்கள், அதுதான் கொரோனா முறை. பால் பாக்கெட்டில் மை நிற்பது இப்படித்தான். கழுவிக் காயவைத்த ஒரு பால் கவரில் இதைச் சோதித்தேன். உள்பக்கம் 97 டிகிரி. வெளிப்பக்கத்தில், மை படாத இடத்தில், 78. வெளிப்பக்கத்தை மட்டும்தான் மின்பொறியில் காட்டியிருக்கிறார்கள். உள்பக்கம் சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்ட வேண்டிய பக்கம், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. அச்சுக் கூடங்களில் பாலித்தீன் தாளுக்கு 38 டைன் என்ற எண்ணைக் குறைந்தபட்சக் குறியாக வைத்திருப்பதும் இதை ஒட்டித்தான்.

வீட்டில் கொரோனா கிடையாது, தீ உண்டு. சமையலறை பூட்டேன் டார்ச் போதும். தீயை மஞ்சள் இல்லாமல் நீலமாக வைத்து, உள்ளே தெரிகிற பளிச்சென்ற கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே பிளாஸ்டிக் வரும்படி பிடித்து, நிற்காமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு சாண் நீளத்தை ஒரு விநாடியில் கடந்துவிட வேண்டும். பிபி 160 டிகிரி செல்சியஸ் அருகே உருகிவிடும். உருக்குவது நோக்கம் அல்ல. தீயின் வெளிப்பகுதியில் உள்ள ஆக்சிஜன் துணுக்குகள் பரப்புச் சங்கிலிகளில் தொற்றி, நீரையும் எபாக்ஸியையும் பிடிக்கக்கூடிய கைகளை முளைக்கவிடுவதுதான் நோக்கம். மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்குத்தான். பளபளப்பு மாறினாலோ, ஓரம் வளைந்தாலோ, சூடு அதிகம். ஆல்கஹாலால் துடைத்திருந்தால் அது முழுக்கக் காய்ந்து, பாட்டிலையும் துணியையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோன பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது.

ஒரு இழுப்புக்குப் பிறகு துளி வைத்தேன். அகலம் 3.36 மி.மீ., உயரம் 1.01. கோணம் 62. பிரிக்க ஆகும் வேலை 61லிருந்து 107க்குப் போய்விட்டது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாத ஒரு துண்டில் இவ்வளவு மாற்றம் வருவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இன்னும் குறைக்கலாமே என்று ஒரு துண்டை மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினேன். கோணம் 50க்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்ததும் எழுபதைத் தாண்டிவிட்டது. அளவுக்கு மீறிக் காட்டினால் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து, பரப்பின் மேல் ஒட்டாத தூளாகக் கிடக்கும். துளிக்கு அது பிடித்திருக்கிறது, பசைக்கு அது ஆபத்து. தூளைப் பசை பிடிக்கும், தூள் பிளாஸ்டிக்கை விட்டுவிடும். ஆகவே கோணம் குறைந்தது என்பதோடு, துடைத்த பிறகும் அது குறைவாகவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியமான சோதனை.

எல்லா இடத்திலும் துளி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. வளைந்த காதின் மேல் கேமரா நிற்காது. அதற்கு வேறு வழி: பரப்பு இழுவிசை தெரிந்த திரவத்தைப் பஞ்சால் பூசி, அது படலமாக நிற்கிறதா, உடனே முத்து முத்தாகச் சுருங்குகிறதா என்று பார்ப்பது. கடையில் விற்கிற டைன் பேனாக்கள் செய்வது இதைத்தான். வழக்கமான சோதனைத் திரவங்களில் ஃபார்மமைடு உண்டு. கருவுக்குக் கேடு செய்யும் பொருள் அது, வீட்டுக்குள் வேண்டாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலையும் டிஸ்டில்ட் வாட்டரையும் நகைத் தராசில் எடை போட்டுக் கலந்துகொண்டேன். எடையில் 10 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் இழுவிசை சுமார் 40, 20 சதவீதம் என்றால் சுமார் 30. கொஞ்சம் ஆல்கஹாலுக்கே எண் இப்படி விழுவதற்குக் காரணம், அந்த மூலக்கூறுகள் நீரின் பரப்பிலேயே போய்க் குவிந்துகொள்வதுதான். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் அவ்வப்போது புதிதாகக் கலந்து, மூடியை இறுக்கி வைத்து, பூசிய இரண்டு விநாடிக்குள் முடிவு சொல்ல வேண்டும். தீ காட்டாத பிபியில் 10 சதவீதக் கலவை உடனே முத்தாகிவிட்டது. 20 சதவீதக் கலவைகூட ஓரங்களில் பின்வாங்கியது. தீ காட்டிய இடத்தில் 10 சதவீதக் கலவை அசையாமல் படலமாக நின்றது. பஞ்சால் தடவிப் பார்க்கிற இந்தச் சோதனைதான் காதின் மூலை முடுக்குகளில் கை கொடுத்தது. ஆய்வக எண்ணுக்கு இது ஈடாகாது, ஒட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்கப் போதும்.

கோணம் குறைந்தால் மட்டும் ஒட்டு பலமாகிவிடுமா என்பதை இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அதே பிபியில் 1 செ.மீ. அகலப் பட்டைகளை வெட்டி, ஒரு சதுர செ.மீ. மட்டும் மேலடுக்காக வரும்படி எபாக்ஸியால் ஒட்டி, ஒரு நாள் விட்டு, பயணப்பெட்டி தூக்குகிற கைத்தராசில் மாட்டி இழுத்தேன். தேய்க்க மட்டும் செய்த ஜோடி தராசில் மாட்டும்போதே விட்டுவிட்டது. தேய்த்து, தீயும் காட்டிய ஜோடி 20 கிலோவை ஒட்டிப் பிரிந்தது. பிரிந்த முகங்களைப் பார்த்ததில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த முறை பசை ஒரு பக்கமாகக் கழன்று வரவில்லை. இரண்டு பட்டைகளிலும் பசை இருந்தது, பாதி இங்கே, பாதி அங்கே. நடுவில் ஓரிடத்தில் பிளாஸ்டிக்கின் தோலே வெளுத்து இழுபட்டிருந்தது.

பேனல் வேலையை இதே வரிசையில் செய்தேன். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் 2 மி.மீ. துளை. பழைய பசையைச் சுரண்டி, எமரி போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தீ ஒரு இழுப்பு, ஆறியதும் 10 சதவீதக் கலவைச் சோதனை, அது காய்ந்ததும் உடனே பசை. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்ஸியைவிட மெதுவாக இறுகும் வகை நல்லது, பரப்பை நனைத்துப் படிய அதற்கு நேரம் கிடைக்கும். காதின் பின்பக்கத்தில் ஜிப்சம் போர்டு மூட்டுக்குப் போடும் ஃபைபர் வலையை ஒரு துண்டு பதித்து, அதன் மேலும் பசை பூசினேன். ஸ்க்ரூவை முறுக்கும்போது வருகிற விசை உரித்தெடுக்கிற விசை, அதைத் தாங்க வலை வேண்டும்.

தீ காட்டிவிட்டுப் “பிறகு ஒட்டலாம்” என்று வைக்கக் கூடாது. 62 காட்டிய ஒரு பட்டையைக் கவரில் போட்டு வைத்திருந்தேன், சில நாளில் 70ஐ நெருங்கிவிட்டது. பரப்பில் முளைத்த கைகள் மெல்ல உள்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. விரல் பட்டால் இன்னும் மோசம், கை எண்ணெய் ஒரு நொடியில் எல்லாவற்றையும் மூடிவிடும்.

எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இந்த வரிசை தேவையில்லை. ஏபிஎஸ் என்று அச்சிருந்தால் தீயே வேண்டாம். அதைக் கரைக்கிற கரைப்பான் வகைப் பசையே இரண்டு துண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடும். பாலித்தீன் வாளி, டப்பாவுக்கு மேலே சொன்ன முறை பொருந்தும், ஆனால் அது பிபியைவிடச் சீக்கிரம் உருகும் என்பதால் டார்ச்சை இன்னும் வேகமாக இழுக்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசலுக்குப் பசையை நம்ப வேண்டாம். அதே பாலித்தீன் குச்சியை வைத்துச் சூட்டு வெல்டிங் செய்பவரைக் கூப்பிடுவதே சரி. பெட்ரோல் நிரப்பிய எந்தப் பிளாஸ்டிக் டேங்க் அருகிலும், காலியாக இருந்தாலும், டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது.